மழைக்குத் திறந்த சுவர்

பஞ்சவர்ணம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்து, போன வருஷம்தான் வேலையை விட்டு நின்றாள். ஒரு சட்டையைக் கையில் வாங்கி இரண்டு தரம் புரட்டினால் அவளுக்குப் போதும். எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தக் காஜா இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுச் சுவரில் ஓடிய விரிசல்களை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. பிறந்த வீட்டிலேயே கடைசிவரை வாழ்கிறவர்களுக்கு அப்படித்தான். வீட்டின் குறைகள் வீட்டு மனிதர்களின் குறைகளைப் போலப் பழகிவிடுகின்றன.

வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. அவளுடைய அப்பா சம்பந்தம் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவர். பிறகு எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் ஒரே மூச்சில் வீடு கட்ட முடியவில்லை. முதலில் ஒரு கூடம். பிறகு பின்னால் ஒரு சமையலறை. பஞ்சவர்ணத்தின் கல்யாணத்துக்காகப் பக்கவாட்டில் ஓர் அறை. அவளைக் கட்டிக்கொண்ட மணவாளன் ஆட்டோ ஓட்டுகிறவன். மாமனார் வீட்டுக்கே குடிவந்துவிட்டான். அப்பாவும் அம்மா தாயம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி தினகரன் ஓசூரில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டான்.

போன கார்த்திகையில் ஏரி நிரம்பித் தளும்பியது. மழை விட்ட ஒரு காலையில் சமையலறையின் பின்கதவு சாத்த வரவில்லை. மணவாளன் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். தள்ளும்போதே அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"பஞ்சு, இங்க வா. செவுத்துல வெளிச்சம் தெரியுது."

"இன்னாய்யா ஒளர்ற?"

"நீயே வந்து பாரு. அந்தாண்ட முருங்கை மரம் தெரியுது."

உண்மைதான். கூடத்துச் சுவரும் சமையலறைச் சுவரும் சேரும் மூலையில், மேலே, விரல் நுழையும் அளவுக்குச் சுவர் வாய் பிளந்திருந்தது. அதன் வழியாக ஈரமான முருங்கை இலைகள் ஆடின.

செய்தி தெருவுக்குள் போன வேகத்தில், அடுக்குமாடி கட்டும் ஒருவருடைய ஆளான பாபு வந்து நின்றான். சுவரை நாலு இடத்தில் தட்டிப் பார்த்தான். பார்த்த இடத்திலெல்லாம் விரிசல் இருந்தது. "முழு ஊடும் போச்சும்மா. இன்னிக்கோ நாளிக்கோ வுயுந்துடும். மனையக் குடுத்தீங்கன்னா ரெண்டு ஃபிளாட்டு வாங்கிகினு நிம்மதியா இருக்கலாம்" என்றான். அவன் போனதும் தினகரன் போனில் வந்தான். பாபு அவனிடமும் பேசியிருந்தான்.

"குடுத்துடலாம்க்கா. அந்த வீட்ல இன்னும் எத்தினி நாளு?"

பஞ்சவர்ணம் போனை வைத்தாள். மணவாளன் கட்டிலைக் கல்யாண அறையிலிருந்து கூடத்துக்கு இழுத்துப் போட்டான். கூடத்தில் படுத்ததும் ஜன்னல் மூலையிலிருந்து ஏறும் விரிசல் கண்ணில் பட்டது. தலையணையை எடுத்துக்கொண்டு போய் ஆட்டோவிலேயே படுத்துக்கொண்டான்.

மோகனப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தவனும் அவன்தான். அந்தப் பெண் மதுரைப் பக்கம். ஏரிக்கரை அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தாள். வானகரத்தில் கட்டடங்களைச் சோதித்துச் சொல்லும் ஓர் அலுவலகத்தில் இன்ஜினீயர். தினமும் மணவாளனின் ஆட்டோவில்தான் போய்வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு டார்ச், சுவரின் நேர் பார்க்கும் தூக்குக் குண்டு, பென்சில், ஒரு கண்ணாடி அட்டையோடு வந்தாள். கைக்குட்டை அளவுகூட இல்லாத அந்த அட்டையில் மயிரிழையிலிருந்து தடிமன் ஏறிக்கொண்டே போகும் கோடுகள் அச்சடித்திருந்தன. விரிசல்மேல் அட்டையை வைத்து, எந்தக் கோடு அதற்குச் சமமாக நிற்கிறது என்று பார்ப்பாள்.

"எல்லா விரிசலும் ஒண்ணு கிடையாதுக்கா. சிலது சும்மா தோல் வெடிப்பு. சிலது எலும்பு முறிவு. பார்த்துட்டுச் சொல்றேன். அதுக்குள்ள பயப்படாதீங்க" என்றாள்.

முதலில் கல்யாண அறை. சுவர் முழுக்க மெல்லிய கோடுகள், வறண்ட குளத்துச் சேறுபோல. அட்டையின் மிக மெலிந்த கோட்டைத் தாண்டவில்லை.

"இந்த அறைய வெயில் காலத்துல பூசுனாங்களாக்கா?"

பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைகாசியில் முகூர்த்தம். சித்திரைக் கத்திரியில் பூச்சு வேலை. சுவருக்கு மூன்று வேளை தண்ணீர் அடிக்க வேண்டும் என்று மேஸ்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவோ பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் சுவர் சுட்ட அப்பளம் போல இருந்தது. கல்யாணத்தன்று மணவாளன் வீட்டார் கண்ணில் படாமலிருக்க, அந்தச் சுவரில் வாழ்த்து மடல்களை வரிசையாக ஒட்டினாள் அம்மா. அத்தனை பேர் வந்திருந்தும் சுவரை யாரும் பார்க்கவில்லை. புதுப்பெண்ணின் பட்டுச் சீலையைத்தான் பார்த்தார்கள்.

"நா பார்த்தேன்" என்றான் மணவாளன் கதவோரத்திலிருந்து. "ஒரு மடலு வுயுந்துச்சி. சொல்லாம உட்டுட்டேன்."

"இத்தினி வருசமா சொல்லவேயில்லியேய்யா!"

"கேட்டாத்தான?"

மோகனப்பிரியா சுவரில் எதுவும் எழுதாமல் நகர்ந்தாள். பூச்சு மட்டும் வெடித்தது, உள்ளே செங்கல் சேதமில்லை, வெள்ளையடித்தால் போதும்.

கூடத்தில் அவள் வெகுநேரம் நின்றாள். ஜன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஏறி, செங்கல் வரிசைகளின் வழியே படிப்படியாகப் போனது அந்த விரிசல். உள்ளேயும் தெரிந்தது, வெளியேயும் தெரிந்தது. பாபு இதைக் காட்டித்தான் தலையை ஆட்டினான்.

"இப்போ ரொம்ப மெலிசா இருக்கு. சித்திரை, வைகாசில அகலமாகுமாக்கா?"

"ஆமா. சின்ன வயசுலேருந்தே அப்டித்தான். வெயில்ல தெறக்கும். மழைக்கு மூடிக்கும்."

அவளும் தினகரனும் கோடை விடுமுறையில் அந்த இடைவெளிக்குள் சீப்பு, ஸ்லேட்டுக் குச்சி, தீப்பெட்டிப் படம் என்று எதையாவது செருகி வைப்பார்கள். ஐப்பசி வந்து சுவர் இறுக்கிக்கொண்டால் எடுக்க முடியாது. அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்பா வருஷா வருஷம் சிமென்டைக் குழைத்து அடைப்பார். அடுத்த வருஷம் அது பெயர்ந்து விழும். ஒருநாள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, "அது மூச்சு வுடுது, உட்ரு" என்று அம்மாவிடம் சொன்னவர், பிறகு தொடவே இல்லை.

"அப்பா சரியாத்தான் விட்டிருக்காரு" என்றாள் மோகனப்பிரியா. "ஏரியோரக் களிமண்ணுக்கா இது. காயும்போது சுருங்கும், நனைஞ்சா ஊதும். மேல நிக்கிற வீடும் கூடவே அசையும். இத்தனை வருஷத்துல கூடுதலா விரியல. கதவு, ஜன்னல் ஒழுங்கா சாத்துது. இது லேசான சேதம்தான். சிமென்டு வேணாம், இழுத்துக் கொடுக்கிற பூச்சு ஒண்ணு இருக்கு, அதை வச்சு அடைச்சா போதும்."

பஞ்சவர்ணம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழவேண்டும் போலவும் இருந்தது, யாருக்காவது காபி போட்டுக் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் சமையலறை இன்னும் பாக்கி இருந்தது.

அங்கே அட்டையை எடுக்கவே இல்லை மோகனப்பிரியா. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். விரிசல் கீழே நூல்போலத் தொடங்கி மேலே போகப் போக அகன்றது. வெளியே போய்ச் சுவர் உச்சியிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டபோது நூல் சுவரோடு ஒட்டி நிற்காமல் கீழே விலகி நின்றது. உள்ளே வந்து, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கித் தரையில் ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் யோசித்ததுபோல் தேங்கி நின்று, பிறகு பின்மூலையைப் பார்த்து ஓடியது.

"கூடத்து விரிசல் மழைக்கு மூடுதுக்கா. இது மழைக்குத் திறக்குது" என்றாள். குரல் மாறியிருந்தது. "சுவர் வெளிப்பக்கமா சாயுது. பழைய சுவரோட செங்கலைக் கோத்துப் பல் விட்டுக் கட்டாம, சும்மா ஒட்டிக் கட்டியிருக்காங்க. அதுமட்டும்னா இவ்வளவு ஆகாது. அந்த மூலைக்குக் கீழ மண்ணு இறங்குது. முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லையே. வெறும் தரை."

"குப்பைக் குழி, கழிவுத் தொட்டி, கிணறு?"

"கெணறு இருந்துச்சி. ஆனா இங்க இல்ல." பஞ்சவர்ணம் பின்வாசலுக்கு வந்து, தோட்டத்தின் கடைசி மதிலைக் காட்டினாள். "அதோ, அந்தக் கோடியில. வெகுதூரம். நா தண்ணி தூக்கியிருக்கேனே."

மோகனப்பிரியா அந்தக் கோடியை ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் பூச்சு வைத்து ஒட்டினாள். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினாள். "சுவர் நின்னுட்டா கண்ணாடி அப்படியே இருக்கும். நகர்ந்தா உடைஞ்சிரும். அது தெரியறவரைக்கும் இங்க சமைக்காதீங்கக்கா."

அடுப்பைக் கூடத்துக்கு மாற்றினார்கள். பஞ்சவர்ணம் நாளைக்கு நாலு தடவை போய் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். மார்கழி தொடங்குவதற்கு முன்னால், மறுபடி ஒரு பெருமழை பெய்த அன்று, அது இரண்டாகப் போயிருந்தது. சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை.

மோகனப்பிரியா வந்து பார்த்துவிட்டுச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். கூடமும் கல்யாண அறையும் இன்னும் பல வருஷம் நிற்கும். சமையலறையை இறக்கிவிட வேண்டும். அதைத் தாங்கிப் பிடிக்க வழியில்லை. விழும்போது கூடத்துச் சுவரையும் இழுத்துவிடும்.

வீடு முழுவதையும் இடிக்கச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்தச் சமையலறைக்காக அம்மா எத்தனை வருஷம் காத்திருந்தாள்! அதுவரை பின்புறம் ஓலைச்சார்ப்பில்தான் அடுப்பு. மழை பெய்தால் விறகு புகையும், அம்மாவின் கண் சிவந்திருக்கும். பஞ்சவர்ணம் அந்தச் சமயத்தில் காஞ்சிபுரத்தில் அத்தை வீட்டில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தபோது சமையலறை எழும்பி நின்றது. பச்சை பெயின்ட் வாசம். அம்மா புதுமேடையின் முன்னால் நின்றுகொண்டு சமைத்தாள். உட்கார்ந்தே பார்த்துப் பழகிய அம்மா அன்றைக்கு அவளுக்கு ரொம்ப உயரமாகத் தெரிந்தாள். "வா, உள்ள வா, இங்க மழ வராது" என்று தேவையே இல்லாமல் சொன்னாள். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவளே தினகரனைக் கூப்பிட்டாள்.

"டேய் தினா, கெணறு எங்கடா இருந்துச்சி?"

"இன்னாக்கா திடீர்னு?"

"சொல்லு."

"சார்ப்புக்குப் பக்கத்துலதான். வாசப்படியில குந்திகினு நா டம்ளர உள்ள போட்டேன். அம்மா ஓட ஓட அடிச்சிச்சே. வாசப்படியிலேருந்து போட்டா உயுற தூரந்தான்."

"கோடியில இல்லியா? நா எவ்ளோ தூரம் தூக்கிகினு வருவேன்!"

மறுமுனையில் அவன் சிரித்தான். "நீ குடம் தூக்கிகினு வந்தக்கா. அதான் தூரமா கீது."

பஞ்சவர்ணம் போனைக் கையில் வைத்துக்கொண்டே பின்வாசலில் நின்றாள். பத்து வயதுப் பெண்ணின் இடுப்பில் பித்தளைக் குடம். ஒவ்வோர் அடிக்கும் தளும்பும் தண்ணீர். நடுவில் ஒருதரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கிய இடம்கூட நினைவிருந்தது. அந்தத் தூரம் முழுவதும் இப்போது நாலைந்து எட்டில் முடிந்துவிட்டது.

"நீ இல்லாதப்போதான் மூடுனாரு அப்பா" என்றான் தினகரன். "போர் போட்டாச்சி, கெணத்துத் தண்ணியில வாட வந்திடுச்சி. பொங்கலுக்குள்ள சமையக்கட்டு வேணும்னு அம்மாகிட்ட வாக்கு குடுத்துட்டாரு. கையில கெடச்சதெல்லாம் போட்டு மூடுனாரு. புயல்ல சாஞ்ச தென்ன மரத்தக்கூட அறுத்து உள்ள தள்ளுனாங்க. நானும் கல்லு பொறுக்கிப் போட்டேன்." சற்று நிறுத்தினான். "அது மேலியா கட்டிட்டாங்க?"

"மூல அது மேல ஒக்காந்துகினு கீது போல."

"நா வரேன்க்கா."

தை மாதம் நிலம் காய்ந்ததும் தினகரன் ஓசூரிலிருந்து வந்தான். முதலில் கூரையை இறக்கினார்கள், பிறகு சுவர்களை. பச்சை பெயின்ட் பூசிய சுவர்த் துண்டுகள் கூடை கூடையாக வெளியே போயின. மேடையை உடைக்கும்போது மட்டும் பஞ்சவர்ணம் தெருவாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். மணவாளன் பக்கத்தில் வந்து நின்றான்.

பின்மூலையில் தரையைத் தோண்டிய ஆள் சீக்கிரமே குரல் கொடுத்தான். வட்டமாக வளைந்த செங்கல் வரிசை தெரிந்தது. கிணற்றின் சுற்றுச்சுவர். சமையலறையின் மூலை அதன் பாதி வாய்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மோகனப்பிரியா வந்து பக்கத்தில் நின்றபடி மெல்ல மெல்ல எடுக்கச் சொன்னாள். கூடத்து அஸ்திவாரம் பக்கத்திலேயே இருந்ததால் கொஞ்சம் எடுப்பதும், பக்கவாட்டைப் பலகையால் முட்டுக் கொடுப்பதுமாக வேலை நடந்தது. உடைந்த ஓடுகள், அடுப்புச் சாம்பல், கறுத்துப்போன ஓலைகள், அம்மா துணி துவைத்த கல். அதற்குக் கீழே தென்னை மரம் மக்கிப்போய், மரம் கிடந்த இடம் வெறும் பொந்தாக இருந்தது.

"இதுதான்க்கா. மரம் மக்க மக்க மேல இருக்கிற மண்ணு இறங்கியிருக்கு. ஏரி நிரம்பி ஊத்து ஏறுனதும் வேகமா இறங்கியிருச்சு" என்றாள் மோகனப்பிரியா.

தினகரன் பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பாவுக்குத் தெரியாதாக்கா? மண்ணுல வேல செஞ்ச ஆளாச்சே."

பஞ்சவர்ணம் துவைக்கிற கல்லின்மேல் இருந்த சேற்றைக் காலால் துடைத்தாள். ஒருபக்கம் தேய்ந்து வழவழத்திருந்தது.

"தெரிஞ்சிருக்கும்டா" என்றாள் கடைசியில். "அம்மா இன்னொரு மழைய அந்தச் சார்ப்புல ஓட்டக் கூடாதுன்னு பார்த்தாரு. நாப்பது வருசம் ஓடிச்சே. அம்மா போற வரைக்கும் அதுல நனையாம சமைச்சிச்சே. போதாதா?"

தினகரன் தலையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

கிணற்றை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. நல்ல மண் போட்டு இறுக்கி மூடிவிடலாம். அல்லது சிமென்ட் உறை இறக்கி, மேலே மூடி போட்டு, மொட்டைமாடி மழைத் தண்ணீரை அதில் விடலாம். இரண்டுமே கூடத்துக்கு ஆபத்தில்லை என்றாள் மோகனப்பிரியா. எதுவானாலும் அதன்மேல் சுவர் மட்டும் எழுப்பக் கூடாது.

"உறைய எறக்கிடலாம்" என்றான் தினகரன், அக்காவைக் கேட்காமலே.

அந்த நேரம் பார்த்து பாபு வந்தான். இடிபாடுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அண்ணாத்தே, ஆரம்பிச்சிட்டீங்களா? சொல்லியிருந்தா நம்ம மிஷினயே அனுப்பியிருப்பேனே."

"ஊட்ட இடிக்கலப்பா. சமையக்கட்ட மட்டும் மாத்துறோம்."

"மத்தது நிக்காதுண்ணே."

"நிக்கும். பார்த்தாச்சி" என்றான் தினகரன்.

பாபு போனபிறகு, கை கழுவிக்கொண்டிருந்த தம்பியிடம் பஞ்சவர்ணம் கேட்டாள். "ஃபிளாட்டுக்குக் குடுக்கணும்னு நீதானடா சொன்ன?"

"ஊடு உன் மேல உயுந்துடும்னு சொன்னாங்கக்கா. நா அங்க கீறேன். ராத்திரி மழ பேஞ்சா தூக்கம் வர்ல." துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தான். "வேற ஒண்ணுமில்ல."

சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கூடத்தில், ஜன்னல் சுவரின் அடியில், இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சின்ன வயதில் போலவே அவன் ரசத்துக்குள் அப்பளத்தை நொறுக்கிப் போட்டான்.

பங்குனிக்குள் புதிய சமையலறை கூடத்தின் இன்னொரு பக்கத்தில் எழும்பியது. சின்னதுதான். இந்தத் தடவை சுவரோடு சுவர் பல் விட்டுக் கட்டினார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மோகனப்பிரியாவே இறங்கி, கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தாள். பூச்சு வேலை முடிந்ததும் பஞ்சவர்ணம் மூன்று வேளையும் தானே தண்ணீர் அடித்தாள். மணவாளன் வாளியைத் தூக்கிக் கொடுத்தான். புதுச் சமையலறையில் உப்பு எங்கே, மிளகு எங்கே என்று அவள் கை பழக வெகுநாள் ஆயிற்று. சில காலைகளில் தூக்கக் கலக்கத்தோடு பழைய பின்வாசலுக்கே போய் நிற்பாள். எதிரே வெட்டவெளியும் முருங்கையும், தரையோடு ஒரு வட்ட மூடியும்தான் இருக்கும். திரும்பி வந்துவிடுவாள்.

ஆடி கடைசியில் ஒரு மாலை முதல் பெருமழை பிடித்தது. மணவாளன் நனைந்துகொண்டே ஆட்டோவை உள்ளே விட்டான். பஞ்சவர்ணம் அவனுக்குத் துண்டு எடுக்க எழுந்தவள் பாதியில் நின்றாள். மாடியிலிருந்து குழாய் வழியாக வந்த தண்ணீர் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஆழத்திலிருந்து, கனமாக, ஒரே சீராகக் கேட்டது சத்தம்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் "இன்னாக்கா?" என்றதும் பின்வாசலுக்குப் போய்ப் போனைக் கிணற்றுப் பக்கமாக நீட்டிப் பிடித்தாள். புடவைத் தலைப்பு நனைந்தது. வெகுநேரம் கழித்துத்தான் காதில் வைத்தாள்.

ஓசூரில் தினகரன் வீட்டுத் தொலைக்காட்சியின் குரல் மட்டும் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"ரொம்பிச்சாக்கா?" என்றான்.

"இல்லடா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

"செரி, வெச்சிடாத" என்றான் அவன். "அப்டியே கொஞ்ச நேரம் புடி."